வால்பாறைக்குப் போகிறீர்களா? தேயிலை மலையை நேரம் பார்த்துச் சுற்றும் வழி

வால்பாறையில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் தலைச்சுற்றல்தான். அங்கே இடத்தைவிட நேரம் முக்கியம். பனி எப்போது விலகும், காட்டில் கொழுந்து பறிப்பது எப்போது, யானை எப்போது சாலைக்கு வரும் என்பதையெல்லாம் ஒட்டித் திட்டம் போட்டால் மலை தன்னைக் காட்டும். குறைந்தது ஒரு இரவு தங்குங்கள். இரண்டு இரவு என்றால் உத்தமம்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மழையே பிடிக்கும் என்றால் போகலாம், ஆனால் மண்சரிவால் பாதை அடைபட வாய்ப்புண்டு; நாள் முழுக்க மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமலும் போகும். செப்டம்பர் கடைசி முதல் ஜனவரி வரைதான் சரியான காலம். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் மழை வரக்கூடும் என்பதால் முக்கியமானதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், இரவில் நல்ல குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பொங்கல், தீபாவளி, தொடர் விடுமுறை வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். சிறிய ஊர் அது. அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் இருக்காது.

ஏறுவதற்கு முன்

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிற வெளியூர்க்காரர்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இருக்கும் அதே அரசுத் தளத்தில், வால்பாறையைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், போகும் நாள் கொடுத்தால் போதும். பணம் கிடையாது. சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் எடுக்கலாம் என்று நினைத்தால் சிக்னல் கைவிடும். முந்தின நாளே எடுத்து, க்யூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்த வேலையே இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள், எனவே தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

பொள்ளாச்சியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் மேலே அந்தக் கவலை இல்லை. அங்கிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. வாந்தி வருகிறவர்கள் அரை வயிறு சாப்பிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்தைப் பார்த்தபடி வரவேண்டும். போனைக் குனிந்து பார்த்தால் ஐந்தாவது வளைவிலேயே வேலை கெட்டுவிடும். மாத்திரை போடுவதென்றால் ஆழியாற்றில் அல்ல, பொள்ளாச்சியிலேயே போட வேண்டும், வேலை செய்ய அதற்கு நேரம் தேவை.

ஏறுகிற வண்டிக்கே வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். பேருந்து வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும், அதனால் எதிரே பேருந்தின் முகப்பு தெரிந்ததும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். உள்ளே நுழைந்துவிட்டால் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. ஆழியாறு அணையும் பொள்ளாச்சிச் சமவெளியும் அங்கிருந்து விரியும். அந்தப் பாறைச் சரிவுகளில்தான் மாநில விலங்கான வரையாடு நிற்கும், சில நேரம் சாலையோரச் சுவரிலேயே. வண்டியை ஓரம் கட்டி, உள்ளேயிருந்தே பாருங்கள். கையில் எதையும் நீட்டாதீர்கள்.

ஊருக்குச் சற்று முன் புதுத்தோட்டம் வரும்போது வேகத்தை 20க்குக் குறையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகள் அங்கே சாலையைக் கடக்கும். தலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பட்டைப் பாலங்கள் அவற்றுக்காகத்தான். ஒருவர் ஒரு பிஸ்கட் போட்டால் மறுநாளும் அந்தக் கூட்டம் தரையில் இறங்கிக் காத்திருக்கும், வண்டியில் அடிபடும். இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தேயிலைக் காட்டில் என்ன பார்ப்பது

வால்பாறைத் தேயிலை காடாகக் கிடக்கும் இடமல்ல. ஏறத்தாழ எல்லாமே எஸ்டேட் சொத்து, ஆட்கள் வேலை பார்க்கும் இடம். பொதுச்சாலையில் நின்று பார்க்கலாம், செடிகளுக்குள் இறங்க மேஸ்திரியிடமோ எஸ்டேட் அலுவலகத்திலோ கேட்க வேண்டும். நல்லமுடி பூஞ்சோலை போன்ற காட்சிமுனைகளும் எஸ்டேட்டைத் தாண்டித்தான், அதனால் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று தங்கும் விடுதியில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

காலை ஆறரை முதல் ஒன்பது வரை வெளிச்சம் சாய்வாக விழும்போது செடி வரிசைகளின் இடுக்குகள் நிழலாகத் தெரியும். அப்போது எடுத்த படத்தில்தான் சரிவின் வடிவம் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே பச்சைத் தகடு. எட்டு மணிக்கு மேல் பறிப்பு தொடங்கும். கவனித்துப் பாருங்கள்: பறிக்கும் மட்டம் மேசை போலச் சமமாக இருக்கும். அதற்கு மேலே நீண்டிருக்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் கொழுந்து. கையால் கிள்ளுவது குறைந்து, அலகில் பை வைத்த கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கத்தரி ஒருமுறை மூடும்போது கொழுந்து அப்படியே பைக்குள் தள்ளப்படும். இந்தச் செடியை விட்டுவிட்டால் மரமாகிவிடும். இடுப்பளவில் நிறுத்த, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். ஒரு சரிவு முழுக்கப் பழுப்புக் குச்சியாக நின்றால் பட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், கவாத்து முடிந்த காடு அது. இடையிடையே நிற்கும் சில்வர் ஓக் நிழலுக்கும் காற்றைத் தடுக்கவும். அதில் ஏறியிருப்பது மிளகுக் கொடி.

பறிக்கிறவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுக்கலாமா?" போதும். எடை போடும் நேரத்தில் போய் நிற்க வேண்டாம், அவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இலையைப் பறித்து வாயில் போடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். மழைக்குப் பின் அட்டை நிச்சயம் உண்டு. பேன்ட்டைக் காலுறைக்குள் விட்டு, காலுறையில் உப்பு நீரோ புகையிலைத் தூளோ தடவிக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்து நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் வழியும், பயப்பட ஒன்றுமில்லை.

ஃபேக்டரி பார்க்க எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். விடுதி மூலம் முந்தின நாளே கேளுங்கள். ஞாயிறு பறிப்பு இல்லாத எஸ்டேட்டில் திங்களன்று இயந்திரம் ஓடாது, அதனால் செவ்வாய் முதல் சனி வரை போவது நல்லது. பச்சை இலை முதலில் பெரிய தொட்டிகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்றில் வாடும். பிறகு பல் வைத்த உருளைகளுக்கிடையே நசுங்கிச் சுருளும். அடுத்து நொதிக்கிற இடம்தான் நின்று பார்க்க வேண்டியது. பச்சைத் தூள் கண்ணெதிரே செம்பு நிறமாகும், புல் வாசனை போய்ப் பழுத்த பழ வாசனை வரும். அங்கே நேரம் தவறினால் டீ பச்சை வாடை அடிக்கும் அல்லது சப்பென்று ஆகும். உலர்த்திச் சலித்தபின் கிடைப்பது நாலரைக் கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு உருளைகளிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

மாலை ஐந்துக்கு மேல்

மழை ஓய்ந்த மாதங்களில் யானை நடமாட்டமும் கூடும். எஸ்டேட் பகுதிகளில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அருகில் யானை நிற்கிறது என்று பொருள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து அமைத்த ஏற்பாடு அது. பார்த்தால் திரும்பிவிடுங்கள். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், பெரிய விளக்கை அணைத்து, நல்ல இடைவெளி விட்டுக் காத்திருக்க வேண்டும். முந்திச் செல்ல முயலவே கூடாது. சிறுத்தை வேறு விஷயம்: இடுப்பளவுச் செடிக்குள் அது படுத்திருந்தால் தெரியவே தெரியாது. அங்கே குழந்தைகளைச் சிறுத்தை தாக்கியிருக்கிறது. ஐந்து மணிக்குப் பிறகு பிள்ளைகளைச் செடியோரம் விடாதீர்கள், எஸ்டேட் பாதையில் நடக்கவும் வேண்டாம்.

கூழாங்கல் ஆற்றில் தண்ணீர் முழங்காலளவு தெளிவாகத் தெரியும். மேலே பெய்யும் மழை இங்கே சொல்லாமல் வரும், பாறை வழுக்கும், நடுவில் திடீர்ப் பள்ளம் இருக்கும். தண்ணீர் கலங்கத் தொடங்கினால் உடனே கரையேறுங்கள்.

டீத்தூளை எஸ்டேட்டின் சொந்தக் கடையில் பாக்கெட்டாக வாங்குங்கள். உதிரியாக வாங்கினால் வெள்ளை வடிதாளில் சிறிது தூவி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே சாயம் பரவினால் நிறம் கலந்தது. நார் இல்லாமல், கையில் கனமாக இருப்பது நல்ல தூள்.

இறங்கும்போது மதியம் மூன்றுக்குள் கிளம்பினால் வெளிச்சத்திலேயே ஆழியாற்றைத் தொடலாம். இரண்டாம் கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் ஒருபோதும் வேண்டாம். பிரேக்கை இடைவிடாமல் மிதித்தால் கருகிய வாடை வரும். அது பிடிப்பு போகப்போகிறது என்ற அறிகுறி. உடனே அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.