ஃப்ளோட்டிங் ஃப்ளோர்ல ஹீட்டிங், அதுக்கு மேல கல்லு டைல்ஸ் ஒட்டுறது எப்படி?

கல்லு டைல்ஸ் விரிசல் விட்டா எல்லாரும் ஹீட்டிங் மேலதான் பழி போடுவாங்க, ஆனா நிறைய இடத்துல கீழ இருக்குற பலகை ஆடுறதுதான் காரணம். ஃப்ளோட்டிங் ஃப்ளோர்னா இன்சுலேஷன் ஷீட் மேல பலகைய ஒண்ணோட ஒண்ணு கோர்த்து பசை போட்டு சும்மா கிடத்தியிருப்பாங்க, கீழ ஒரு ஸ்க்ரூ கூட இருக்காது. லேமினேட்டுக்கு அது போதும், கல்லு வளையவே வளையாது, பட்டுனு உடையும்.

அதனால முதல்ல ஆட்டத்த பாருங்க. ரெண்டு பலகை சேர்ற இடத்துல ஒரு டம்ளர் தண்ணிய வெச்சுட்டு பக்கத்துல அழுத்தி நடங்க, தண்ணி தளும்புச்சுன்னா கல்லு பத்தி யோசிக்கவே வேண்டாம். கீழ மர ஜாயிஸ்ட் (தரையத் தாங்குற மர உத்திரம்) இருந்தா செராமிக்குக்கு நீளத்துல 360ல ஒரு பங்கு வரைக்கும் வளையலாம், கல்லுக்கு 720ல ஒரு பங்குதான், அதாவது 3.6 மீட்டருக்கு வெறும் 5 மிமீ.

ஆடுற பலகை மேல டீகப்ளிங் மெம்பிரேன் (டைல்ஸையும் தரையையும் பிரிச்சு வெக்கிற மெல்லிசு ஷீட்) ஒட்டினா சரியாயிடும்னு கடையில சொல்லுவாங்க, நம்பாதீங்க. அது பக்கவாட்டு இழுவையதான் தாங்கும், மேல கீழ போற ஆட்டத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது.

என்னைக் கேட்டா பலகைய எடுத்துட்டு இன்சுலேஷன் மேலயே ஹீட்டிங்கோட சுடுதண்ணி பைப்ப போட்டு 65 மிமீ சிமெண்ட் ஸ்கிரீட் (சிமெண்ட், மணல் கலவை தளம்) போடுறதுதான் நிம்மதி. அவ்வளவு உயரம் இல்லன்னா ட்ரை ஸ்கிரீட் போர்டு (ஈரக் கலவைக்குப் பதிலா போடுற ரெடிமேட் பலகை) இருக்கு, ஆனா உங்க சைஸ் கல்லுக்கு அது தாங்கும்னு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க.

ஸ்கிரீட் போட்டா அவசரப்படவே கூடாது. 50 மிமீ வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மிமீ காயும், அதுக்கு மேல இன்னும் மெதுவா. 21 நாள் கழிச்சுதான் ஹீட்டிங்க ஆன் பண்ணணும், முதல் 3 நாள் பைப்புல ஓடுற தண்ணி சூடு 25 டிகிரி, அப்புறம் டிசைன்ல சொன்ன முழு சூட்டுல 4 நாள் ஓட விட்டு, ஆற விட்டு, ஈரம் அளந்து பார்த்துட்டுதான் டைல்ஸ். விரிசல் விடணும்னா கல்லு ஒட்டுறதுக்கு முன்னாடியே விட்டுறட்டும். பைப்புக்கு பதிலா எலெக்ட்ரிக் ஹீட்டிங் கேபிளா இருந்தா போடுறதுக்கு முன்ன, போட்டப்புறம், டைல்ஸ் ஒட்டினப்புறம்னு மூணு தடவை மல்டிமீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் பாருங்க.

டைல்ஸ் பசை பாக்கெட்ல சி2 எஸ்1னு இருக்கணும், முடிஞ்சா எஸ்2 (சி2ன்னா நல்லா பிடிக்கிற சிமெண்ட் பசை, எஸ்1 கொஞ்சம் வளையும், எஸ்2 இன்னும் அதிகமா வளையும்). வெளிர் நிற மார்பிளுக்கு வெள்ளைப் பசைதான், சாம்பல் கலர் பசை மேல நிழலடிக்கும். பச்சை மார்பிள் சிலது தண்ணி பட்டா வளைஞ்சுக்கும், அதுக்கு எபாக்ஸி மாதிரி தண்ணி சேராத பசை வேணும். தரையில பல்லு கரண்டியால இழுத்துட்டு கல்லோட முதுகுலயும் மெல்லிசா பூசுங்க. அப்பப்ப ஒட்டின கல்லு ஒண்ண உடனே தூக்கிப் பாருங்க, முதுகு முழுக்க பசை அப்பியிருக்கணும், மூலையில மொட்டையா தெரிஞ்சா அந்த இடத்துலதான் நாளைக்கு உடையும், சூடும் அங்க ஏறாது.

கல்லையும் கல்லையும் முட்ட வெக்காம குறைஞ்சது 3 மிமீ இடைவெளி விடுங்க. சுவரோரம் சுத்தி 8 மிமீ சும்மா விட்டு ஸ்கர்ட்டிங்கால மறைச்சுடுங்க, கதவு வாசல்லயும் மூவ்மெண்ட் ஜாயிண்ட் (தரை விரிஞ்சு சுருங்க விடுற இடைவெளி) வேணும். பெரிய ஹாலா இருந்தா 40 சதுர மீட்டருக்கோ ஒரு பக்கம் 8 மீட்டருக்கோ மேல ஒரே துண்டா போகக்கூடாது, ஸ்கிரீட்ல ஜாயிண்ட் இருக்குற அதே கோட்டுலதான் டைல்ஸ்லயும் வரணும். அந்த ஜாயிண்ட்ல க்ரவுட்ட (டைல்ஸ் இடுக்குல அடைக்கிற சிமெண்ட் கலவை) அடைச்சுடாதீங்க, சிலிக்கான்தான்.

எல்லாம் முடிஞ்சு 2 வாரம் ஹீட்டிங் பக்கமே போகாதீங்க. அப்புறம் ஒரு நாளைக்கு 5 டிகிரியா ஏத்துங்க, ஆள் நடமாடுற இடத்துல தரை சூடு 29 டிகிரிய தாண்டாம தெர்மோஸ்டாட்ல லிமிட் வெச்சுடுங்க.