வேலை தேடும் முன் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் வேலை மாற முயன்றபோது என் பெயரைக் கூகுளில் தேடினேன். என் ஃபேஸ்புக்கிலும் லிங்க்ட்இன்னிலும் தவறாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு செய்தித் தளத்தின் கமென்ட் பகுதியில், அப்போதைய மேனேஜரைத் திட்டி எப்போதோ எழுதிய நான்கு வரிகள் என் முழுப் பெயரோடு அப்படியே இருந்தன. எழுதியதே எனக்கு மறந்துவிட்டது. அதற்குப் பிறகு, வேலை தேடும் நண்பர்கள் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: உங்கள் பக்கத்தைவிட, பிறர் பக்கங்களில் நீங்கள் விட்டுவந்ததைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இதைச் செய்து முடிக்க ஒரு வார இறுதி போதும். முடிந்தால் விண்ணப்பங்கள் அனுப்பத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

படி 1: முன்பின் தெரியாதவர் போலத் தேடுங்கள்

பிரவுசரில் இன்காக்னிடோ ஜன்னலை (உங்கள் கணக்கில் நுழையாமல் தேட உதவும் தனி ஜன்னல்) திறந்துகொள்ளுங்கள். உங்கள் கணக்கில் நுழைந்தபடி தேடினால், உங்கள் பழைய தேடல்களையும் சேர்த்துக்கொண்டு கூகுள் முடிவுகளைக் காட்டக்கூடும். அடுத்தவர் பார்ப்பது அதுவாக இருக்காது.

பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இனிஷியல் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை. ஆங்கிலத்தில் உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும். பிறகு பெயரோடு கல்லூரி, பழைய நிறுவனம், ஊர். அப்புறம் மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண், படிக்கும் காலத்தில் வைத்திருந்த பயனர் பெயர். படங்கள் பகுதியையும் பாருங்கள். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் மூன்றாம் பக்கம் வரையாவது போங்கள்.

கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள்: இணைப்பு, என்ன இருக்கிறது, நீக்குவது என் கையில் இருக்கிறதா, அடுத்தவர் கையிலா. இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம்.

படி 2: முதலில் மூடுங்கள், அப்புறம் தரம் பிரியுங்கள்

ஒவ்வொரு பதிவாகப் படித்து முடிவெடுக்க நேரம் பிடிக்கும். அதுவரை எல்லாம் திறந்து கிடக்க வேண்டியதில்லை. ஃபேஸ்புக் செட்டிங்ஸில் பழைய பதிவுகளைப் பார்ப்போரைக் கட்டுப்படுத்தும் வசதி ஒன்று உண்டு. அதை அழுத்தினால், பொதுவாக இருந்த பழைய பதிவுகள் எல்லாம் ஒரேயடியாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். திரும்பப் பொதுவாக்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், அதனால் யோசித்துச் செய்யுங்கள். உங்கள் ப்ரொஃபைல் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் வசதியும் அங்கேயே இருக்கிறது. அட்டைப்படம் எப்போதும் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து டேக். பிறர் உங்களை டேக் செய்யும் பதிவுகள் உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் வராதபடி செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள்.

எதை நீக்குவது? நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. யாரையாவது இழிவுபடுத்தியவை, பழைய நிறுவனத்தையோ உடன் வேலை பார்த்தவர்களையோ திட்டியவை, அலுவலக ரகசியம் தெரியும் படங்கள், ரெஸ்யூமேயில் எழுதியதோடு முரண்படுபவை. இவை போகட்டும். நிதானமாக எழுதிய கருத்துகளை, அது அரசியலாகவே இருந்தாலும், பயத்தில் அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது உங்கள் முடிவு.

நீக்கும் முன் உங்கள் தரவுகளை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் குப்பைக்குப் போன பதிவு 30 நாள் வரை இருக்கும், இடையில் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் அழிக்கத் தயங்கும் படங்களை ஆர்க்கைவ் செய்யலாம், அதாவது அழிக்காமல் மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கலாம். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் மேம்பட்ட தேடலுக்குப் போய், உங்கள் கணக்கின் பெயரையும் வருடங்களையும் கொடுத்தால் பழைய பதிவுகள் மட்டும் வரும்.

படி 3: பிறர் இடத்தில் விட்டுவந்தவை

பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். உங்கள் கணக்கை எவ்வளவு பூட்டினாலும், பொதுப் பக்கம் ஒன்றில் நீங்கள் போட்ட கமென்ட் பொதுவாகவே இருக்கும். ஃபேஸ்புக்கின் நடவடிக்கைப் பதிவில் உங்கள் கமென்டுகள் வரிசையாகக் கிடைக்கும், அங்கிருந்தே நீக்கலாம். யூடியூப் கமென்டுகளைக் கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பகுதியில் பார்க்கலாம்.

கூகுள் மேப்ஸைத் திறந்து உங்கள் பங்களிப்புகளைப் பாருங்கள். கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டு ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதிய விமர்சனம், உங்கள் பெயரோடும் படத்தோடும் அங்கே இருக்கும். நியாயமான புகார் என்றால் வைத்திருங்கள், வசவை மட்டும் திருத்துங்கள். லிங்க்ட்இன்னில் நீங்கள் போட்ட லைக்கும் கமென்டும்கூட உங்கள் ப்ரொஃபைலின் செயல்பாட்டுப் பகுதியில் தெரியும்.

மூடிய குழுக்களை நம்பி எதையும் எழுத வேண்டாம். 2017ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், ஃபேஸ்புக்கின் தனிப்பட்ட குழு ஒன்றில் புண்படுத்தும் மீம்களைப் பகிர்ந்ததற்காகக் குறைந்தது 10 பேருக்குக் கொடுத்த சேர்க்கையை ரத்து செய்தது. ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், குழுவுக்குள் இருந்தது வெளியே வந்துவிடும்.

படி 4: உங்கள் கையில் இல்லாதவை

அடுத்தவர் தளத்தில் இருப்பதைக் கூகுளால் அழிக்க முடியாது. அது காட்டுவது அந்தப் பக்கத்துக்கான வழியை மட்டும்தான். எனவே முதலில் தளத்தை நடத்துபவருக்கு எழுதுங்கள். சுருக்கமாக, மரியாதையாக: "வணக்கம். இந்தப் பக்கத்தில் என் பெயரில் உள்ள கமென்ட் நான் முன்பு எழுதியது. இப்போது அதை விலக்கிக்கொள்ள விரும்புகிறேன். நீக்கித் தர முடியுமா?" எனக்கு இப்படி எழுதித்தான் வேலை நடந்தது. வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், அந்த மிரட்டலே புதுப் பதிவாகிவிடும் ஆபத்து உண்டு.

அங்கே நீக்கிய பிறகும் தேடலில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கூகுள் பக்கத்தில் அந்த இணைப்பைக் கொடுங்கள். வீட்டு முகவரியோ தொலைபேசி எண்ணோ தெரிந்தால், தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கூகுளிடமே கேட்கலாம்.

படி 5: நல்லது முதலில் தெரியட்டும்

லிங்க்ட்இன் ப்ரொஃபைலை முழுமையாக நிரப்புங்கள். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. வேலை தேடுகிறேன் என்று மட்டும் எழுதாமல், என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். வருடங்களும் பதவிப் பெயர்களும் ரெஸ்யூமேயோடு அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். அதே பெயரில் வேறொருவர் இருந்து குழப்பம் வந்தால், இனிஷியலோடு ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

இப்போதைய அலுவலகத்துக்குத் தெரியாமல் தேடுகிறீர்களா? லிங்க்ட்இன்னில் வேலைக்குத் தயார் (Open to Work) என்னும் அறிவிப்பை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி வைக்கலாம். ஆனால் முழு ரகசியத்துக்கு லிங்க்ட்இன்னே உத்தரவாதம் தருவதில்லை.

வாட்ஸ்அப் படத்தையும் பாருங்கள். ரெஸ்யூமேயில் இருக்கும் எண்ணை ஹெச்.ஆர். சேமித்ததும் அவர் கண்ணில் படக்கூடியது அதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதோ ஒன்று மிஞ்சி, இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டால், "அது நான் எழுதியதில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "ஆமாம், நான்தான் எழுதினேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. இப்போது எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.