கணிதப் புதிரை வைத்துக் கொலைக் கதை எழுதும்போது

கொலைப் படத்துக்குள் கணிதத்தைக் கொண்டுவரும் திரைக்கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. கொலை ஒரு பக்கம் நடக்கிறது, புதிர் இன்னொரு பக்கம் கிடக்கிறது. துப்பறிபவர் புதிரை அவிழ்த்ததும் பரிசுச்சீட்டு விழுந்ததுபோலக் கொலையாளியின் பெயர் வந்துவிடுகிறது. புதிரைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு கைரேகையை வைத்தாலும் கதை மாறாது என்றால், அந்தப் புதிர் படத்துக்குத் தேவையில்லை.

எளிய உதாரணத்தில் தொடங்கலாம். சந்தேகத்தில் நான்கு பேர். கொன்றவர் அவர்களில் ஒருவர்தான்.

குமார்: "செல்விதான் கொன்னது."
செல்வி: "ரஹீம்தான் கொன்னது."
ரஹீம்: "நான் கொல்லல."
மேரி: "நான் கொல்லல."

வசனம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். நால்வரில் ஒவ்வொருவரையும் கொலையாளி என்று வைத்து, எத்தனை கூற்று உண்மையாகிறது என்று எண்ணுங்கள். குமார் என்றால் 2, செல்வி என்றால் 3, ரஹீம் என்றால் 2, மேரி என்றால் 1. ஆக, "நாலு பேர்ல ஒருத்தர் மட்டும்தான் உண்மை பேசுறார்" என்ற நிபந்தனை மேரியைக் காட்டும். "ஒருத்தர் மட்டும்தான் பொய்" என்றால் செல்வி. "ரெண்டு பேர் உண்மை" என்றால் குமாரா ரஹீமா என்று தீர்க்க முடியாது. வாக்குமூலங்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, நிபந்தனை மாறியதும் கொலையாளி மாறிவிட்டார்.

படத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. புதிர்ப் புத்தகத்தில் நிபந்தனையைச் சொல்வது யார் என்று யாரும் கேட்பதில்லை. படத்தில் அதை ஒரு பாத்திரம் சொல்லியாக வேண்டும். குடும்ப வக்கீல் காபி குடித்தபடி, "இதுல மூணு பேர் புளுகுறாங்க சார்" என்கிறார் என்று வையுங்கள். அவருக்கு எப்படித் தெரியும்? பொய்களைச் சரியாக எண்ண வேண்டுமானால் கொலையாளி யாரென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் சொன்னார் என்றால் மேரியை மாட்டிவிடப் பார்க்கிறார். இரண்டில் எதுவானாலும் விசாரிக்கப்பட வேண்டியவர் வக்கீல்தான். அந்த வரியைப் படத்தின் முதல் கால் பகுதியில் போகிற போக்கில் வையுங்கள். இன்ஸ்பெக்டர் அதை நம்பிக் கணக்குப் போட்டு மேரியைக் கைது செய்யட்டும். கணக்கில் பிழை இருக்காது, எடுத்துக்கொண்ட நிபந்தனையில்தான் பிழை.

பேச்சுத் தமிழ் இங்கே சில குழிகளை வைத்திருக்கிறது. "ஒருத்தர் உண்மை பேசுறார்" என்றால் ஒருவர் மட்டுமா, ஒருவராவதா என்பது தெளிவில்லை. ஒருவராவது என்று கொண்டால் நான்கு பேருமே பொருந்துவார்கள், புதிர் செத்துவிடும். "மட்டும்தான்" என்ற சொல்லை நடிகர் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "நான் இல்ல" என்று எழுதினால் 'நான் அங்கே இல்லை' என்றும் கேட்கும், எனவே "நான் கொல்லல". வினைமுற்றும் காட்டிக்கொடுக்கும். "கொன்னான்", "கொன்னா" இரண்டும் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவதால், மறைக்க வேண்டிய இடங்களில் "கொன்னது" என்று போடுங்கள். இன்னொன்று: தவறான கூற்றெல்லாம் பொய்யாகாது. குமார் செல்வியைச் சொல்வது இருட்டில் புடவையைப் பார்த்துத் தவறாக நினைத்ததாலும் இருக்கலாம். ஒவ்வொரு தவறான கூற்றுக்கும் ஒரு காரணம் எழுதி வையுங்கள்.

எண் வரிசைக்கு வருவோம். கொலையாளி 1, 2, 4, 8, 16 என்று விட்டுச்செல்கிறான், அடுத்தது 32 என்று துப்பறிபவர் பாய்கிறார். ஆனால் வட்டத்தின் மேல் ஒன்று, இரண்டு என்று ஆறு வரை புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு முறையும் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்து, வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணினால் 1, 2, 4, 8, 16, 31 என்றுதான் போகும். இது பார்வையாளரை நியாயமாக ஏமாற்றும் வரிசை. ஆனால் கலை இயக்குநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆறு புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே புள்ளியில் சந்தித்து 30 துண்டுதான் வரும். புள்ளிகளைக் கொஞ்சம் கலைத்து வைத்தால் 31 வரும். திரையை நிறுத்தி எண்ணுகிற ரசிகர்கள் கட்டாயம் இருப்பார்கள். உண்மையில், எந்த ஐந்து எண்களுக்குப் பிறகும் எந்த எண்ணையும் ஆறாவதாக வைத்து அதற்கொரு பல்லுறுப்புக் கோவை, அதாவது அந்த ஆறு எண்களையும் வரிசையாகத் தரும் ஒரு சூத்திரம், எழுதிவிட முடியும். ஆகவே "அடுத்த எண் இதுதான், அடுத்த பலி இவர்தான்" என்பது நிரூபணமல்ல, ஊகம். அதை ஊகமாகவே காட்டுங்கள்.

இறந்த நேரக் கணக்கு திரைக்கு ரொம்பப் பொருந்தும். குளிர்சாதன அறை, சீராக 22 டிகிரி. இரவு 10 மணிக்கு உடலின் வெப்பம் 32, 11 மணிக்கு 31. அறையோடு உள்ள வித்தியாசம் 10-லிருந்து 9 ஆகியிருக்கிறது, அதாவது மணிக்கு 0.9 மடங்கு. உயிரோடு இருந்தபோது 37 என்றால் வித்தியாசம் 15. பதினைந்து பத்தாகக் குறைய நியூட்டனின் குளிர்தல் விதிப்படி (வித்தியாசம் ஒவ்வொரு மணிக்கும் அதே மடங்கில் குறையும்) சுமார் 3 மணி 51 நிமிடம், எனவே மரணம் மாலை 6.09. இப்போது இரண்டாவது அளவை 31-க்குப் பதில் 31.2 என்று வையுங்கள். விடை 4 மணி 52 நிமிடமாகி, மரணம் 5.08-க்குப் போய்விடும். வெப்பமானியில் 0.2 டிகிரி பிசகினால் ஒரு மணி நேரம் நகர்கிறது. 'ஆறு மணிக்கு நான் கோயிலில் இருந்தேன்' என்ற சாட்சியத்தை உடைக்கவும் காப்பாற்றவும் இது போதும். நிஜத்தில் உடல் முதலில் கொஞ்ச நேரம் அதிகம் குளிராது, உடையும் உடல்வாகும் கணக்கை மாற்றும். அதனால் தடயவியல் மருத்துவர் வாயில் நிமிடக் கணக்கை வைக்காதீர்கள், "அஞ்சுலேர்ந்து ஏழுக்குள்ள" என்பதே அவர் பேச்சு. மே மாதத்தில் மின்சாரம் போன அறையில், வெளியே 37 டிகிரி இருக்கும்போது, இந்த முறையே பயன்படாது.

சங்கேதக் குறிப்பு வேண்டுமென்றால் தமிழ் எண்களை மறக்காதீர்கள். ௧, ௨, ௭, ௮ ஆகியவை பார்வைக்கு க, உ, எ, அ போலவே இருக்கும். கடிதத்தின் உச்சியில் 'உ' இருந்தால் எல்லோரும் பிள்ளையார் சுழி என்று கடந்துபோவார்கள். அதுதான் பெட்டகப் பூட்டின் முதல் எண் 2 என்று வைத்தால், துப்பு படம் முழுக்கக் கண்முன்னே இருந்தும் மறைந்திருக்கும். எழுத்துகளை எண்ணும் புதிரில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'கொலை' நமக்கு இரண்டு எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் க, ொ, ல, ை என்று நான்கு குறியீடு. ஹேக்கர் பாத்திரம் கணினியில் எண்ணுகிறதென்றால் எந்தக் கணக்கு என்று முன்பே முடிவுசெய்யுங்கள்.

பதற்றம் புதிரின் கடினத்தால் வருவதில்லை. 'ஃபெர்மாவின் அறை' என்ற ஸ்பானிஷ் படத்தில் (2007) ஒரு நிமிடத்துக்குள் விடை சொல்லாவிட்டால் அறையின் சுவர்கள் நெருங்கிவரும். புதிர்களில் பல பழையவை, சுவர் மட்டும்தான் புதிது. அதனால் ஒரு காட்சிக்கு ஒரு புதிர், நான்கு தகவலுக்கு மேல் வேண்டாம். வாக்குமூலங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், எந்த வரி எப்போது அழிந்தது என்று தொடர்ச்சி பார்க்கும் உதவி இயக்குநர் ஒவ்வொரு டேக்குக்கும் புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும். அழித்த சமன்பாடு அடுத்த ஷாட்டில் திரும்பி வந்து நிற்பது இந்த வகைப் படங்களில் மட்டும் வசனப் பிழைக்குச் சமம், ஏனென்றால் பார்வையாளர் அதையும் துப்பு என்று எண்ணிக்கொள்வார்.