கூட்டுக்கு ஒரு சேவல் போதும், அடியில் ஒரு அடி வலை வேண்டும்

செங்கோட்டை தாண்டி புளியரைப் பக்கம் மலையடிவாரத்தில் வீடு என்றால், கோழி வளர்ப்பது பாதி வேலைதான். காப்பாற்றுவதுதான் மீதி. பகலில் கீரியும் பருந்தும், இரவில் மரநாய்.

எட்டிலிருந்து பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். எண்ணிக்கை கூடினால் சண்டை ஓயாது, பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரியும். எங்கள் வீட்டில் பாசத்தில் மூன்றை வைத்துக்கொண்டு அவதிப்பட்டோம். ஆனால் சேவலே இல்லாமலும் இருக்க வேண்டாம். வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் ஆபத்து வந்தால் வேறு குரல் என்று அது எச்சரிக்கும். காதைக் கொடுத்துக் கேட்டால் பழகிவிடும். அதற்காகச் சேவல் கீரியை விரட்டிவிடும் என்று நம்பாதீர்கள்!

கூட்டுக்குச் சாதாரணக் கோழிவலை அடிக்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே வைக்காது. அரை அங்குல ஓட்டையுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்கி, சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதையுங்கள். கீரி தோண்டும். மரநாய் ஏறும், அதனால் மேலேயும் மூட வேண்டும். கதவுக்கு இரண்டு கொக்கி. குஞ்சுகளைப் பகலில் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து வைத்தால் பருந்துக்குத் தப்பும்.

அப்புறம், கோபத்தில் விஷம், கண்ணி எதுவும் வைத்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வது குற்றம்.