குடலிறக்கத்தை ஒளித்துவைக்காதீர்கள்: இங்கிலாந்து வரும் நம் கரைக்காரர்களுக்கு

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று தம்பிகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூவருக்கும் இங்கிலாந்து விசா வந்திருந்தது. ஒருவர் நர்ஸ் வேலைக்கு, இருவர் படிப்புக்கு. ரூம் வாடகை, குளிர், சிம் கார்டு எல்லாம் கேட்டு முடித்தார்கள். ஒருவர் மட்டும் நான் கிளம்பும்வரை இருந்து, வேலியோரம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அண்ணே, கவட்டுல சின்னதா ஒரு வீக்கம். படுத்தா உள்ள போயிருது. அங்க வந்து பாத்துக்கலாமா, இல்ல இங்கயே முடிச்சிட்டு வரவா?"

அவருக்குச் சொன்னதையும், அன்று நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது ஒருவருடைய கேள்வி அல்ல. வல்லம் தள்ளியும், ஐஸ் பெட்டி தூக்கியும், வலைமடி இழுத்தும் வளர்ந்த ஊர் நம்முடையது. இங்கே வந்தாலும் பாதிப் பேர் போய்ச் சேருவது பாரம் தூக்கும் வேலைக்குத்தான். அந்தத் தம்பி சொன்ன வீக்கம்தான் குடலிறக்கம், ஹெர்னியா: வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியே குடல் வெளியே பிதுங்குவது. அது வந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது அதை மறைப்பது. வீக்கம் இருக்கும் இடம் அப்படி.

என் பெரியப்பா கரைவலை இழுத்தவர். பழந்துணியை மடித்து வீக்கத்தின் மேல் வைத்து, வேட்டிக்கு அடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டே பல வருடம் ஓட்டினார். ஒரு நாள் அது உள்ளே போகவில்லை. வாந்தி நிற்கவில்லை. பாம்பனிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குடலில் ஒரு சாண் கறுத்துவிட்டது. அதை வெட்டி எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றினார்கள்.

அதனால் காசு கட்டித் தனியாரிடம் செய்வதா, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருப்பதா என்று யோசிக்கும் முன் உங்கள் குடலிறக்கம் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் வருவது கவட்டுக்கு மேலே இறங்கும் ரகம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது, வலி அதிகமில்லை என்றால் அது காத்திருக்கக்கூடியது. இதை வெறும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பெரிய தொந்தரவு இல்லாத 720 ஆண்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமானது ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்களில் 68 சதவீதம் பேர் கடைசியில் அறுவை செய்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். ஆகவே காத்திருக்கலாம், ஆனால் அது தானாக ஆறிப்போகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொடை ஆரம்பிக்கும் மடிப்புக்குக் கீழே வரும் ரகம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதன் வாய் குறுகல், சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். கவட்டுப் பக்கம் வீக்கம் கண்ட பெண்கள் வரிசை, மாதம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆணோ பெண்ணோ, வீக்கம் திடீரென்று கல்லாக இறுகி, தொட்டாலே வலித்து, உள்ளே போகாமல், வாந்தியும் வந்து, மலமோ காற்றோ பிரியாமல் நின்றால் அதற்கு வரிசையே கிடையாது. 999-ஐ அழையுங்கள், அல்லது யாராவது காரில் ஏ அண்ட் இ-க்கு, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகட்டும். ஒன்றும் சாப்பிடாதீர்கள், பலங்கொண்டு உள்ளே தள்ளாதீர்கள். ஷிப்ட் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இனி வரிசை. ஆறு மாதத்துக்கு மேல் விசா எடுத்து வரும் நீங்கள் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-க்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. நர்ஸ் போன்ற வேலைக்கு வரும் ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கு அந்தக் கட்டணமே இல்லை, உரிமை மட்டும் உண்டு. ஆகவே யாரோ தரும் தர்மம் என்று கூச வேண்டாம். வந்த முதல் வாரமே பக்கத்து ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பெயரைப் பதியுங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம் இல்லை, விலாசச் சான்று இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி.

ஜி.பி. முன்னால் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். டாக்டர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டதும் நாம் பழக்கதோஷத்தில் "பரவாயில்ல டாக்டர்" என்போம். நம் ஊரில் அது மரியாதை. இங்கே அது கம்ப்யூட்டரில் "தொந்தரவு எதுவும் இல்லை" என்று ஏறிவிடும். இங்கிலாந்தில் பல பகுதிகளில் தொந்தரவு இல்லாத ஆண்களின் குடலிறக்கத்தைச் சர்ஜனிடம் அனுப்பவே மாட்டார்கள். எனக்கும் குடலிறக்கம் இருந்தது. நான் முதல் தடவை அப்படித்தான் "பரவாயில்ல" சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். இரண்டாம் தடவை, எத்தனை கிலோ தூக்கினால் இறங்குகிறது, ஒரு ஷிப்டில் எத்தனை தடவை கழிப்பறைக்குப் போய் உள்ளே தள்ளுகிறேன், வலியால் போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அன்றே சர்ஜனுக்குக் கடிதம் போயிற்று. மிகைப்படுத்தச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எண்ணிச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் வரிசை ஓடத் தொடங்குவது வீக்கம் வந்த நாளிலிருந்து அல்ல, ஜி.பி.யின் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. நீங்கள் ஒளித்துவைத்த ஒவ்வொரு மாதமும் கணக்கில் வராத மாதம். அந்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. 2016-க்குப் பிறகு அதை எட்டவில்லை. காத்திருப்போர் பட்டியல் 2023-ல் 77 லட்சத்தைத் தொட்டது. ஆகவே மாதக்கணக்கில் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அந்த வரிசையையும் சுருக்க ஒரு வழி உண்டு, புதிதாக வருபவர்களில் அநேகம் பேருக்கு அது தெரிவதில்லை. இங்கிலாந்தில், ஜி.பி. உங்களைச் சர்ஜனிடம் அனுப்பும்போது எந்த ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பத்து மாதம், நாற்பது மைல் தள்ளி மூன்று மாதம் என்றால் அங்கே எழுதச் சொல்லலாம். என்.எச்.எஸ்.-உடன் ஒப்பந்தம் போட்டிருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பட்டியலில் வரும். அங்கே போனாலும் உங்கள் கையிலிருந்து ஒரு பென்னி போகாது. இதய நோய், அதிக எடை போன்றவை இருந்தால் அந்த இடங்களில் எடுக்கத் தயங்குவார்கள், மற்றவர்களுக்கு இது நல்ல வழி. பணம் கட்டித் தனியாரிடம் போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இதைக் கேட்டுவிட்டு யோசியுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ் போனவர்களுக்கு இந்த உரிமை இல்லை.

வரிசையில் சேர்ந்தபின் செய்ய வேண்டிய காரியம் விலாசத்தைக் காப்பாற்றுவது. முதல் ஆண்டில் நான் மூன்று ரூம் மாறினேன். ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய ரூமுக்குப் போய், அங்கே யாரோ அதைப் பீட்சா விளம்பரங்களோடு ஜன்னலோரம் போட்டுவைத்திருந்தார்கள். நான் வரவில்லை என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்து ஜி.பி.யிடம் திருப்பிவிட்டார்கள். ஐந்து மாதக் காத்திருப்பு அதோடு போயிற்று. ரூம் மாறிய அன்றே ஜி.பி.க்கும் ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். என்.எச்.எஸ். ஆப்பைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் பெரும்பாலும் குடும்பப் பெயராக இருக்கும், அதனால் காத்திருக்கும் கூடத்தில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போங்கள். புக்கிங் ஆபீசுக்குப் போன் போட்டு, "யாராவது வராமல் போனால் இரண்டு நாள் முன்னால் சொன்னாலும் வந்துவிடுவேன்" என்று சொல்லிவையுங்கள். எனக்குத் தேதி கிடைத்தது அப்படித்தான், ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லி வியாழக்கிழமை.

காசு கட்டிச் செய்துகொள்ள, ஒரு பக்கக் குடலிறக்கத்துக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் பவுண்டு வரை கேட்பார்கள். ஊரில் நகையை அடகு வைத்து வந்தவர்களுக்கு அது சின்னத் தொகை அல்ல. வீக்கத்தால் வேலையே செய்ய முடியவில்லை, மாதம் போகப் போகச் சம்பளம் போகிறது என்றால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிக்கல் வந்தால் திரும்பப் பார்ப்பது அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் எடுத்துப் பிறகு செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வியாதியை அவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. காசு கட்டுவதால் வேறு உயர்ந்த அறுவை கிடைக்கும் என்பதும் இல்லை. அதே வலைத்துணி வைத்துத் தைப்பதுதான், பல இடங்களில் அதே சர்ஜன்தான். திறந்து செய்தாலும் துளை போட்டுச் செய்தாலும் பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வலி தங்கிவிடுகிறது. அதைச் சர்ஜனிடம் முன்கூட்டியே கேட்டுப் பேசுங்கள்.

ஊருக்குப் போய்ச் செய்துகொண்டு வருவது? திண்ணையில் கேட்ட தம்பிக்கு விமானம் ஏற இரண்டு மாதம் இருந்தது. "இங்கயே முடி தம்பி, ஆறு வாரம் பாரம் தூக்காம இருந்துட்டு வா" என்றேன். ராமநாதபுரத்திலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது, மதுரைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. அம்மா பக்கத்தில் இருப்பார். குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இங்கே வந்துவிட்டவர்கள் டிக்கெட், லீவு, திரும்பி வந்தபின் தையல் பழுத்தால் யார் பார்ப்பது என்று மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போனால் டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் வாங்கி வாருங்கள்.

அப்பா, அத்தா, மாமனாரை விசிட் விசாவில் அழைப்பவர்கள் கவனிக்கவும். அவர்களுக்குக் குடலிறக்கம் இருந்தால் ஊரிலேயே முடித்துவிட்டு அழையுங்கள். விசிட் விசாவில் வந்தவர் இங்கே வார்டில் சேர்ந்தால் என்.எச்.எஸ். கணக்கில் ஒன்றரை மடங்கு பில் வரும். 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் நின்றால் அவருடைய அடுத்த விசாவுக்கே தடையாகலாம்.

வேலை விஷயம். சிக் லீவ் எடுத்தால் விசா போய்விடும் என்று பயந்து ஒருவர் தையலோடு பாரம் தூக்கப் போனதைப் பார்த்திருக்கிறேன். நோய்க்காக எடுக்கும் லீவுக்காக விசாவைப் பறிப்பதில்லை. முதல் ஏழு நாளுக்கு நீங்களே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மேல் டாக்டர் தரும் சான்றான "பிட் நோட்" வேண்டும். அதை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஜி.பி.க்கு அலைய வேண்டியிருக்கும்.

காலையில் போனால் பெரும்பாலும் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் மயக்கம் கொடுத்துச் செய்தால், அன்று இரவு கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லை என்றால் அறுவையையே தள்ளிவைப்பார்கள். தனியாக ரூமில் இருக்கும் பையன்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தேதியை இழக்கிறார்கள். எனக்கு அன்று இரவு பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் தன் நைட் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். அதற்கு முன் அவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். கஞ்சி வைத்து, கருவாட்டைச் சுட்டால் அலாரம் அடிக்கும் என்று துவையல் அரைத்தார். நடுராத்திரி எனக்கு இருமல் வந்தபோது எழுந்து வந்து, தலையணையைத் தையல் மேல் வைத்து என் இரண்டு கையையும் அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப இருமுங்கண்ணே" என்றார்.