டஸ்கனிப் பண்ணை வீடும் தோட்டமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் டஸ்கனிக் குன்றுகளில் தெரியும் பழைய கல்வீடுகளில் பெரும்பாலானவை விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுத குடியானவர்கள் வாழ்ந்தவை. ‘காசா கொலோனிகா’ என்று பெயர். விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி உழுதவருக்கு என்ற ‘மெட்சாத்ரியா’ முறை பல நூற்றாண்டுகள் அங்கே நிலைத்திருந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய மெட்சாத்ரியா ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டது. அதற்கு முன்பிருந்தே குடும்பங்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்று அவற்றை வாங்கிப் புதுப்பிப்பவர்களும், அதே பாணியில் புதிதாகக் கட்டுபவர்களும் பெரும்பாலும் வீட்டின் தோற்றத்தை மட்டும் பார்க்கிறார்கள். எந்த வேலைக்காக, எந்த மழைக்கும் பனிக்கும் அது அப்படிக் கட்டப்பட்டது என்று கேட்பதில்லை. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

மாளிகையையும் பண்ணை வீட்டையும் கலப்பது

ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தாரின் மாளிகைகள் வேறு, இந்த வீடுகள் வேறு. பண்ணை வீட்டில் கீழ்த்தளம் உழவு மாடுகளுக்கும் மதுக் கிடங்குக்கும் உரியது. மாட்டின் உடற்சூடு மேலே ஏற, மேல்தளத்தில் பெரிய அடுப்படியும் படுக்கை அறைகளும். வெளிப்புறக் கல்படிக்கட்டு, அதன் உச்சியில் தூண்கள் தாங்கும் திறந்த தாழ்வாரம், ஓரமாக ரொட்டி அடுப்பு, எதிரே கதிரடிக்கும் களம். குடும்பம் பெருகப் பெருக ஓர் அறை கூடும். அதனால் கூரைகள் படிப்படியாக ஏறி இறங்கும். வால் தி கியானா சமவெளியில் 18ஆம் நூற்றாண்டில் பெருங்கோமகன் பியெத்ரோ லியோபோல்தோ காலத்தில் எழுந்த ‘லியோபோல்தினா’ வீடுகள் இதற்கு விலக்கு. அவற்றில் வளைவுத் தாழ்வாரமும் நடுவில் புறாக்கூண்டு மாடமும் ஒழுங்காக அமைந்திருக்கும்.

பண்ணை வீட்டின் தலையில் வட்டக் கோபுரத்தையும் இரண்டு மாடி உயர வாசல் வளைவையும் ஏற்றினால் இரண்டு மரபும் கெடும். புறாமாடம் அலங்காரம் அல்ல. இறைச்சிக்கும் எருவுக்கும் புறா வளர்த்த இடம் அது.

வெளிச்சம் போதவில்லை என்று சன்னல்களை அகலப்படுத்துவது இன்னொரு பெருந்தவறு. அகலத்தைவிட உயரம் கூடிய அந்தச் சிறு சன்னல்கள் குளிர்காலச் சூட்டை உள்ளேயும் சூலை வெயிலை வெளியேயும் நிறுத்தின. மேலும், ஒழுங்கற்ற கற்களால் ஆன சுவரில் திறப்பைப் பெரிதாக்கினால் பாரம் இறங்கும் வழி அறுந்துபோகும். வெளிச்சம் வேண்டுமானால் ஏற்கெனவே பெரிதாக உள்ள திறப்புகளைப் பயன்படுத்துங்கள்: தொழுவத்தின் வளைவு, வண்டிக் கொட்டகை, வைக்கோல் காய்வதற்காகச் செங்கல் ஜாலி வைத்த களஞ்சியச் சுவர். கண்ணாடியைச் சுவரின் வெளிமுகத்தில் வைக்காமல் 30 செ.மீ. அளவுக்கு உள்வாங்கிப் பொருத்தினால் வளைவின் நிழல் அப்படியே இருக்கும். ஜாலிக்கு உட்புறமாகக் கண்ணாடி வைத்தால் ஜாலியும் பிழைக்கும்.

சுவரைச் சிமெண்டால் மூடுவது

எல்லாத் தவறுகளிலும் விலை மிகுந்தது இதுதான்.

சுவர்கள் 50 முதல் 60 செ.மீ. தடிமன். கியாந்திப் பகுதியில் ‘அல்பரேசே’ சுண்ணாம்புக்கல், பல இடங்களில் ‘பியேத்ரா செரேனா’ என்ற சாம்பல்நிற மணற்கல், சியேனாவுக்குத் தெற்கே களிமண் நிலங்களில் செங்கல். எல்லாவற்றையும் பிணைப்பது சுண்ணாம்புக் காரை. அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும். ஏறியது காரை வழியாகக் காற்றில் ஆவியாகும். இந்தப் போக்குவரத்து நடக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது.

கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல்லின் வழியாக வெளியேறப் பார்க்கும். அதில் கரைந்துள்ள உப்புகள் கல்லின் மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி விரியும். மணற்கல் தகடு தகடாக உரியும். சில குளிர்காலங்களுக்குப் பிறகு பார்த்தால் சிமெண்டுக் கோடுகள் முண்டிக்கொண்டு நிற்க, நடுவில் கல் குழிந்து கிடக்கும்.

சரியான முறை: பழைய இடுக்கை உளியால் 2 முதல் 3 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள், அறுக்கும் இயந்திரம் கல்லின் விளிம்பைக் கெடுக்கும். தூசு போகத் தூரிகையால் தட்டி, தண்ணீர் தெளித்து, கல் ஈரமாக ஆனால் நீர் சொட்டாமல் இருக்கும்போது காரையை அழுத்துங்கள். கலவை அளவு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். நீற்றிய சுண்ணாம்பு விழுது அழகாக வரும், ஆனால் மெதுவாக இறுகும். மழையில் நனையும் சுவருக்கு, ஈரத்திலும் இறுகும் 3.5 வகை இயற்கை நீரியல் சுண்ணாம்பு ஏற்றது. 5 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும் நாட்களில் வேலையைத் தொடாதீர்கள். கோடையில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுச் சில நாட்கள் நனைத்து வையுங்கள். வேகமாக உலர்ந்த காரை விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும்.

‘கல் தெரிந்தால்தான் டஸ்கனி’ என்ற எண்ணத்தில் பழைய பூச்சைக் கொத்திக் களைவதும் பரவலாக நடக்கிறது. இந்த வீடுகளில் பல பூச்சுப் பூசியவை. வயலில் பொறுக்கிய ஒழுங்கற்ற கல்லுக்கு அந்தப் பூச்சுதான் மழைக்கோட்டு. களைந்துவிட்டால் தென்மேற்குச் சாரல் நேராகக் காரைக்குள் இறங்கும். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு உள்ளூரிலேயே ‘ராசோ பியேத்ரா’ என்ற நடுவழி உண்டு: காரையைக் கல்லின் முகம்வரை நிரப்பித் தேய்த்துவிட்டு, துருத்தி நிற்கும் கற்களின் நெற்றியை மட்டும் தெரியவிடுவது. முழுப் பூச்சு என்றால் மூன்று அடுக்கு: ஒட்டுவதற்கான வீச்சுப் பூச்சு, 10 முதல் 15 மி.மீ. நடுப்பூச்சு, 3 முதல் 5 மி.மீ. நுண்பூச்சு. நிறத்துக்குச் சுண்ணாம்பு நீரில் கரைத்த காவி, மஞ்சள்காவி. அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் சுவரின் மூச்சு மறுபடி அடைபடும்.

தொழுவத்தை வரவேற்பறையாக்கும்போது ஒன்றை மறக்கிறார்கள். பல தலைமுறை மாட்டு மூத்திரம் ஊறிய சுவரில் நைட்ரேட் உப்பு நிறைந்திருக்கும். புதுப் பூச்சு ஓரிரு ஆண்டிலேயே கொப்புளித்து விழும். கழுவினால் உப்பு கரைந்து இன்னும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் மட்டும் துடைக்க வேண்டும். முதலில் உப்பை உறிஞ்சுவதற்கென்றே ஒரு சுண்ணாம்புப் பூச்சைப் பூசி, அது கெட்டதும் கொத்தி எடுத்துவிட்டு, பிறகு இறுதிப் பூச்சுக்குப் போவது நல்லது. ஓராண்டு பொறுக்க நேர்ந்தாலும் தகும்.

வெளியே சுவரை ஒட்டிக் கான்கிரீட் நடைபாதை போடாதீர்கள். அடியில் உள்ள ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு வழி இருக்காது. வெளித்தரை உள்தரையைவிட 15 முதல் 20 செ.மீ. தாழ்ந்து, வீட்டைவிட்டு விலகி மீட்டருக்கு 2 செ.மீ. சரிய வேண்டும். குன்றின் சரிவு முட்டும் பின்சுவருக்கு டஸ்கனிக் கொத்தர்கள் ‘ஸ்கான்னஃபோஸ்ஸோ’ என்று சொல்லும் காற்றோட்ட அகழி தேவை: மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி, அடியில் வடிகால்.

கூரையில் பாரம் ஏற்றுவது

கூரைச் சாய்வு 30 முதல் 35 சதவீதம்தான். செங்குத்தாக உயர்த்தினால் ஓடு நழுவும், வீட்டின் உருவமும் மாறும். கஷ்கொட்டை அல்லது ஓக் மர உத்திரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே 15×30 செ.மீ. அளவில் ‘மெட்சானா’ என்ற மெல்லிய செங்கல் தட்டு. மேலே விளிம்பு வைத்த தட்டையோடு, இரண்டு தட்டையோடுகளின் சேர்ப்பை மூடும் வளைவோடு. மரத்தைத் தூக்கி எறிந்து கான்கிரீட் தளம் ஊற்றுவது ஒரு காலத்தில் பலப்படுத்தும் வழி என்றே நம்பப்பட்டது. 1997இல் பக்கத்து உம்ப்ரியாவையும் மார்க்கேயையும் குலுக்கிய நிலநடுக்கம் அந்த நம்பிக்கையைக் கலைத்தது: பலவீனமான கல்சுவர்மேல் கனமான கான்கிரீட் கூரை சுமந்த வீடுகள் மோசமாகச் சிதைந்தன. டஸ்கனியும் நடுங்காத நிலம் அல்ல. 1919இல் முஜெல்லோ பகுதியும் 1920இல் கர்ஃபஞானா பகுதியும் குலுங்கின. மரக்கூரையை வைத்துக்கொண்டு, எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவதே பழைய முறை. வெளிச்சுவரில் தெரியும் இரும்பு நங்கூரங்கள் அந்தக் கம்பிகளின் முனைகள்தாம். அசிங்கமாக இருக்கிறது என்று அவற்றை வெட்டாதீர்கள்.

ஈரத்தோடு மெழுகிடும் சுடுமண் தரை

ஃபுளோரன்ஸுக்குத் தெற்கே உள்ள இம்ப்ருனேத்தாவின் சுடுமண் பெயர்போனது. அங்குள்ள களிமண்ணில் செய்தது உறைபனியிலும் வெடிப்பதில்லை. பிழை பெரும்பாலும் பதிக்கும் கையில் இருக்கிறது. ஓடு பதித்த சில நாட்களில் எண்ணெயும் மெழுகும் பூசிவிடுகிறார்கள்; அடியில் சிக்கிய ஈரம் வெண்படலமாகப் பூக்கும், சில இடங்களில் கறுக்கும். பல வாரங்கள் உலரவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் நாடா ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி கோத்தால் தரை இன்னும் உலரவில்லை. உலர்ந்த பிறகு இதற்கென விற்கும் மென்னமிலத்தால் உப்பைக் கழுவி, திரும்ப உலர்த்தி, ஆளிவிதை எண்ணெய், அதன்பின் தேன்மெழுகு.

தோட்டத்தைப் படம் பார்த்து நடுவது

பண்ணை வீட்டைச் சுற்றிப் பச்சைக் கம்பளப் புல்வெளி இருந்ததில்லை. சூலை, ஆகஸ்டில் மழை அரிது. புல்லைக் காப்பாற்றத் தெளிப்பான் வைத்தால் அந்த நீர் நடுவில் நிற்கும் ஆலிவ் மரத்துக்கு எமன். வேர் அழுகும், இலையில் மயிற்கண் போன்ற வட்டப்புள்ளி விழுந்து உதிரும். ஆலிவின் கீழே வறண்ட புல்லும் காட்டுப்பூக்களும் போதும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டிவிட்டால் சரி.

பருத்து முறுக்கிய தண்டுள்ள ஆலிவ் மரங்களைத் தெற்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நடுவது இன்னொரு மோகம். 1985 சனவரியில் ஃபுளோரன்ஸ் அருகே வெப்பம் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கி, டஸ்கனியின் ஆலிவ் மரங்களில் பெரும்பகுதி கருகியது. தரையோடு வெட்டியபின் அடியிலிருந்து துளிர்த்தவையே இன்று இரண்டு மூன்று மெல்லிய தண்டுகளோடு நிற்கின்றன. அந்த நிலத்துக்கு உரிய உருவம் அதுதான். ஆலிவ் ரகங்களில் லெச்சினோ குளிரை நன்கு தாங்கும். ஃபிராந்தோயோ, மொராயோலோ எண்ணெய்க்குப் பெயர்பெற்றவை. மரத்துக்கு மரம் 5 முதல் 6 மீட்டர் விடுங்கள். உறைபனி விழும் இடங்களில் இலையுதிர்காலத்தில் நடாமல் வசந்தத்தில் நடுங்கள். 2013இல் தெற்கு இத்தாலியின் புலியாவில் கண்டறியப்பட்ட, ஆலிவ் மரங்களைக் காய்ந்துபோகச் செய்யும் சைலெல்லா என்ற பாக்டீரியா நோய்க்குப் பிறகு, தெற்கிலிருந்து மரம் வாங்குபவர் அதன் தாவரச் சான்றைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

சைப்ரஸை மீட்டருக்கு ஒன்றாக வேலிபோல் நெருக்குவதும் தவறு. காற்றும் வெயிலும் புகாத உட்பகுதி காய்ந்து பழுக்கும். 3 முதல் 4 மீட்டர் இடைவெளியாவது வேண்டும். வீட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி நடுங்கள். பட்டையில் பிசின் வடிய, ஒரு கிளை மட்டும் செம்பழுப்பாகக் காய்ந்தால் அது ‘செய்ரிடியம்’ பூஞ்சைப் புற்று. ஈரக்காற்றில் வெட்டினால் பரவும். வறண்ட நாளில், நோய்க்குக் கீழே நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, கத்தியைச் சாராயத்தில் துடைத்து, வெட்டியதை எரித்துவிடுங்கள். புதிதாக நடுபவர்கள் ‘போல்கெரி’ போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களை நாற்றுப்பண்ணையில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

போகன்வில்லா கடற்கரைக்கு உரியது. உள்நாட்டுக் குன்றில் முதல் உறைபனியிலேயே போய்விடும். பந்தலுக்குத் திராட்சைக் கொடி நல்லது. விஸ்டீரியா நட்டால் மழைநீர்க் குழாயருகே விடாதீர்கள், சுற்றிப் பிடித்துப் பிய்த்துவிடும். பாக்ஸ் செடி வேலியைப் புழு மொட்டையடிக்கும் ஊர்களில் மிர்ட்டில், ஃபிலிரியா, லாரல் என்று பிரித்து நடலாம்.

சரிவை நிறுத்தக் கான்கிரீட் சுவர் எழுப்பிக் கல் ஒட்டுவதற்குப் பதில், காரையில்லாக் கல்சுவர் கட்டுங்கள். இந்தக் கலையை யுனெஸ்கோ 2018இல் இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில் பட்டியலில் சேர்த்தது. அடி அகலம் உயரத்தில் பாதி. மீட்டருக்கு 10 முதல் 15 செ.மீ. உட்சாய்வு, கல்லின் நீளப்பக்கம் சுவருக்குள், மேலும் கீழும் ஒரே கோட்டில் இணைப்பு விழக் கூடாது, பின்னால் 30 செ.மீ. சில்லுக்கல் நிரப்பு. நீர் இடுக்குகளில் கசிந்து போய்விடுவதால் மண் சுவரைத் தள்ளாது. வடிதுளை இல்லாத கான்கிரீட் சுவர் முதல் கனமழையிலேயே வயிறு தள்ளும்.

முற்றத்துக்குச் சரளை போடுவதென்றால் 10 முதல் 15 செ.மீ. இறுக்கிய அடித்தளம், மேலே 3 முதல் 4 செ.மீ. மட்டும், ஆழமாகக் கொட்டினால் கால் புதையும். பக்கத்துக் குவாரிக் கல்லின் நிறத்திலேயே வாங்குங்கள், வெள்ளைச் சலவைக்கல் சில்லு கோடையில் கண்ணைக் கூசும். களம் இருந்தால் அதை வெறுமையாகவே விடுங்கள். நீச்சல் குளம் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தள்ளி, சரிவின் மறைவில், மணல்நிற அல்லது சாம்பல்பச்சை உட்பூச்சோடு. நிலக்காட்சிப் பாதுகாப்புப் பகுதியில் இதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். தோண்டிய பிறகு விண்ணப்பித்தால் மூடச் சொல்லவும் கூடும்.

எலுமிச்சைத் தொட்டிகளைப் பொறுத்தவரை நாட்காட்டிதான் எல்லாம். சுடுமண் தொட்டியைக் கட்டையோ கல்லோ வைத்து உயர்த்தினால்தான் வடிதுளை அடையாது. அக்டோபர் கடைசியில் தெற்கு பார்த்த பெரிய சன்னல்களுள்ள ‘லிமோனாயா’ கூடத்துக்குள் தொட்டிகளைக் கொண்டுபோக வேண்டும். மைனஸ் 3 டிகிரியிலேயே மரம் அடிபடத் தொடங்கும். உள்ளே ஹீட்டர் போட்டுச் சூடாக்காதீர்கள். வெளிச்சம் குறைந்த மாதங்களில் சூடு கூடினால் இலை கொட்டும். உறையாமல் இருந்தால் போதும். வெயிலான நண்பகலில் சன்னலைத் திறந்து, மண் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விட்டு, மே மாதத்தில் மேகமூட்டமான ஒரு நாளில் வெளியே எடுங்கள். நேர்வெயிலில் எடுத்தால் குளிர்காலம் முழுக்கக் காத்த இலைகள் ஒரு வாரத்தில் வெந்துவிடும்.