நக்சான்சாவுக்கு ஓடிப்போய் ஓடிவராதீர்கள்

கொரியாவுக்குப் போகிறவர்கள் பலர் சியோலில் அறை எடுத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். காலையில் பஸ், மதியம் சொராக்சான் மலையில் கேபிள் கார், மாலையில் நக்சான்சா என்ற புத்தக் கோயில், ராத்திரி திரும்பிவிடலாம் என்று கணக்கு. முதல் தவறு இந்தக் கணக்குதான். சியோலிலிருந்து அந்தக் கரையிலுள்ள சொக்சோ நகரத்துக்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலேயே சுமார் இரண்டரை மணி நேரம். அக்டோபரில் இலைகள் சிவக்கும் வார இறுதியென்றால் மலையடிவார நெரிசல் பாதி நாளைத் தின்றுவிடும். அதோடு, இது கிழக்குக் கரை. மாலையில் சூரியன் கடலில் இறங்காது, உங்கள் முதுகுக்குப் பின்னால் மலையில் மறையும். இங்கே பார்க்க வேண்டியது விடியலை. அதற்கு ஒரு ராத்திரியாவது தங்கியாக வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று. 'சா' என்றாலே கோயில்தான். 'நக்சான்சா கோயில்' என்பது நம் 'நடு சென்டர்' மாதிரி. வழி தேட கூகுள் மேப்பை மட்டும் நம்பாமல் கொரியர்கள் பயன்படுத்தும் நேவர் மேப்பையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்வஸ்திகம் போன்ற குறி தெரிந்தால் அங்கே ஒரு புத்தக் கோயில் இருக்கிறது என்று பொருள்.

நக்சான்சாவில் பெரும்பாலோர் செய்யும் தவறு, குன்றின் மேல் கடலைப் பார்த்து நிற்கும் 16 மீட்டர் குவானும் சிலையோடு படம் எடுத்துவிட்டுக் கிளம்புவது. குவானும் என்பது பௌத்தர்கள் கருணையின் வடிவாக வணங்கும் அவலோகிதேஸ்வரர். அந்தச் சிலை 1977இல் முடிந்தது. கோயிலோ 671இல் சில்லா என்ற பழைய கொரிய நாட்டுத் துறவி உய்சாங் நிறுவியதாகச் சொல்லப்படுவது. 'நக்சான்' என்ற பெயரே அவலோகிதேஸ்வரர் உறையும் பொதலகம் என்ற மலையின் பெயரிலிருந்து வந்தது. அந்த மலை தென்னிந்தியாவில் இருப்பதாக யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். நம் பொதிகைதான் அது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இது தெரிந்தபின் சிலையோடு மட்டும் திரும்ப மனம் வருமா?

கீழே பாறை விளிம்பில் ஹொங்னியொனாம் என்ற சின்ன சன்னதி இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மரத்தரையில் உள்ளங்கை அளவில் ஒரு துளை, அதன் மேல் ஒரு மூடி. மண்டியிட்டு மூடியைத் தூக்கிக் குனிந்தால், கீழே பாறைக் குகைக்குள் அலை புகுந்து வெளியேறுவது தெரியும். உய்சாங் தவமிருந்தபோது கடலில் செந்தாமரை பூத்தது இந்த இடத்தில்தான் என்பது ஐதீகம். அங்கே கேமராவை நீட்டாதீர்கள். பக்கத்தில் ஒருவர் விழுந்து வணங்கிக்கொண்டிருப்பார்.

பொதுவாக எந்தச் சன்னதியிலும் நடுவாசல் துறவிகளுக்கானது. நாம் பக்கவாசல் வழியாகப் போக வேண்டும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வசந்த காலத்தில் போகிறவர்கள் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. மலையிலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று பேயாக வீசும். 2005 ஏப்ரலில் அந்தக் காற்று விசிறிவிட்ட காட்டுத்தீ நக்சான்சாவின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. 1469இல் வார்த்த வெண்கல மணி உருகியே போனது. ஹொங்னியொனாம் எப்படியோ தப்பித்தது. இன்று நீங்கள் பார்க்கும் கட்டடங்களில் பல அதற்குப் பிறகு எழுந்தவை. தீ பயத்தால் வசந்தத்தில் சில வாரங்கள் சொராக்சானின் உயரமான பாதைகளை மூடிவிடுவார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வடக்கே கோசோங் பக்கம் போனால் வட கொரிய எல்லை நெருங்கிவிடும். கடற்கரையில் முள்வேலியும் காவல் சாவடியும் தென்பட்டால் போனைப் பைக்குள் வையுங்கள். எல்லைக்கு அருகிலுள்ள பார்வையிடத்துக்குப் பதிவு செய்துதான் போக முடியும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் கொன்போங்சாவை விட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் மிகப்பெரிய கோயில். கொரியப் போரில் அழிந்தபோது மிஞ்சியது ஒரு வாயில் மட்டுமே. கூட்டமே இல்லாமல் அதன் முன் நிற்கலாம்.

அப்புறம் சாப்பாடு. "கறி வேண்டாம்" என்று சொன்னால் போதும் என்று சைவக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சூப்பின் அடியில் நெத்திலி கொதித்திருக்கும், கிம்ச்சியில் உப்பில் ஊறிய கூனி இறால் இருக்கும். கோயிலில் தங்கும் ஏற்பாடு இருந்தால் அங்கேயே சாப்பிடுங்கள். பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது.